வாரத்துக்கு எத்தனை நடை?

ராத்திரி பதினோரு மணிக்கு மேல பங்காளிகிட்டருந்து போன் வந்தா ரெண்டே காரணம்தான். ஒண்ணு, சி.எஸ்.கே. தோத்திருக்கும். இல்லைன்னா அவன் எதையாவது வாங்க முடிவு பண்ணியிருப்பான். போன வருஷம் தீபாவளி முடிஞ்ச மறுவாரம் வந்தது ரெண்டாவது ரகம்.

"பங்காளி, டிரக் வாங்கப் போறேன்டா. எது நல்லாருக்கும்னு பார்த்துச் சொல்லு."

(பேரைப் போட்டா உதைப்பான். காலேஜ்ல நாலு வருஷம் ஒரே ஹாஸ்டல் ரூம். இப்ப டல்லாஸ் பக்கம் ரெண்டு பேரும் பதினஞ்சு நிமிஷ தூரத்துல இருக்கோம். பங்காளின்னே வெச்சுக்குவோம்.)

டிரக்குன்னதும் லாரியான்னு கேக்காதீங்க மக்களே. டெக்சாஸ்ல டிரக்குன்னா பிக்கப். முன்னாடி நாலஞ்சு பேர் உக்காரலாம், பின்னாடி திறந்த தொட்டி. இதுல பெரிய சைஸ், நடு சைஸ்னு இருக்கு. பெரிசு அவன் வீட்டு கராஜுக்குள்ள நுழையாது. அதனால நடு சைஸ்: டொயோட்டா டகோமா, நிசான் ஃபிரான்டியர், ஹோண்டா ரிட்ஜ்லைன், ஃபோர்டு ரேஞ்சர், செவி கொலராடோ.

அவனுக்கு எதுக்கு டிரக்குன்னு நியாயமா நீங்க கேக்கலாம். வீடு வாங்கினதுக்கப்புறம் பயலுக்கு மர வேலைப் பைத்தியம் பிடிச்சிடுச்சு. குழந்தைக்குத் தொட்டில், ஊஞ்சல், ஷெல்ஃபுன்னு செஞ்சு தள்றான். பிளைவுட் ஷீட் 4 அடிக்கு 8 அடி. அதை கொரோலா தலையில கட்டி, ஒரு கையை ஜன்னல் வழியா நீட்டிப் பிடிச்சுக்கிட்டே ஓட்டிட்டு வந்திருக்கான். சொந்தப் பொண்டாட்டியே அதைப் பார்த்துட்டு மூணு நாள் பேசலையாம்.

அவன் கேட்டா நான் மாட்டேன்னு சொல்ல முடியாது. 2023 ஜனவரில எனக்கு வேலை போச்சு. ஹெச்-1பி விசாவுல இருக்கறவங்களுக்குத் தெரியும், வேலை போனா அதிகபட்சம் 60 நாள். அதுக்குள்ள வேற கம்பெனி கிடைக்கணும், இல்லைன்னா பொட்டியைக் கட்டணும். அப்ப என் சாமானை எல்லாம் அந்த கொரோலாவுல அஞ்சு தடவையா ஏத்தி, தன் அபார்ட்மென்ட் ஹால்ல எனக்கு இடம் கொடுத்தவன் அவன். எனக்கு 47-வது நாள் ஆஃபர் வந்துச்சு. அது வரைக்கும் வாடகைங்கற வார்த்தையே அவன் வாயில வரலை.

பொட்டி தட்டுறவன்கிட்ட உதவி கேட்டா என்ன பண்ணுவான்? எக்ஸெல் திறப்பான். நானும் திறந்தேன். விலை, மைலேஜ், எஞ்சின், இழுவை, பின் சீட் இடம், திருப்பி வித்தா கிடைக்கிற விலைன்னு வரிசையாப் போட்டு, ஒவ்வொண்ணுக்கும் இத்தனை மார்க்குன்னு பிரிச்சேன். ரிட்ஜ்லைன் முதலாவதா வந்துச்சு. பங்காளி ஷீட்டை வாங்கிட்டுப் போய் மறுநாள் திருப்பி அனுப்பினான். டகோமா முதல் இடம்! என்னடான்னு பார்த்தா 'தோற்றம்'னு புதுசா ஒரு காலம் போட்டு அதுக்கு மட்டும் 40 மார்க் கொடுத்திருக்கான்.

அப்பவே எனக்குப் புரிஞ்சிருக்கணும். புரியலை.

அந்த சனிக்கிழமை ஷோரூம் ஷோரூமா ஏறி இறங்கினோம். டகோமா 2024 மாடல்ல மொத்தமா மாறிடுச்சு. பழைய 3.5 லிட்டர் வி6 போய் 2.4 லிட்டர் டர்போ வந்திருக்கு, 278 குதிரை சக்தி. ஃபிரான்டியர் இன்னும் டர்போ இல்லாத 3.8 லிட்டர் வி6, 310 குதிரை சக்தி. ரிட்ஜ்லைன் 3.5 லிட்டர் வி6, 280. இதெல்லாம் விளம்பரத்துல பெரிய எழுத்துல இருக்கும். பெரிய எழுத்துல இல்லாத ஒரு நம்பர் டிரைவர் பக்கக் கதவைத் திறந்தா, கதவு வந்து மூடுற இடத்துல சின்ன ஸ்டிக்கரா ஒட்டியிருக்கும். ஆளும் சாமானும் சேர்ந்து இத்தனை எடைக்கு மேல போகக் கூடாதுன்னு அதுல போட்டிருக்கும்.

நாங்க பார்த்த டகோமாவுல அது 1,205 பவுண்டு. அதாவது 546 கிலோ.

பங்காளிக்கு கேம்பர்னு ஒரு கனவும் உண்டு. சக்கரம் வெச்ச குட்டி வீடு, டிரக் பின்னாடி கட்டி இழுத்துக்கிட்டு ஊர் சுத்தலாம். "6,000 பவுண்டுக்கு மேல இழுக்கும்டா"ன்னான். இழுக்கும்தான். ஆனா இழுக்கிற வண்டியோட எடையில 10-லருந்து 15 சதவீதம் கொக்கி வழியா டிரக் மேல அமுங்கும். 5,000 பவுண்டு கேம்பர்னா 227-லருந்து 340 கிலோ. பங்காளி, வீட்டம்மா, குழந்தை சீட்டோட, ஊர்லருந்து வரப்போற அப்பா அம்மா எல்லாம் சேர்த்தா 290 கிலோ. மிச்சம் 256. கொக்கிக்குப் போக, அதுல பாதி நேரம் குக்கர் வைக்கக் கூட இடம் இல்லை. ஸ்டிக்கர் இன்னொண்ணும் சொல்லுது: வண்டிக்கு மொத்தமா இவ்வளவு எடைன்னு ஒரு எல்லை இருக்கு. சன்ரூஃப், கூடுதல் இரும்புன்னு விலை ஏற ஏற வண்டியோட சொந்த எடையும் ஏறும், ஏத்தற லோடு குறையும். ஆக, காசு அதிகம் கொடுத்து கம்மியா சுமக்கிற வண்டியை வாங்கறோம்.

"குட்டி யானையே முக்கா டன் தூக்கும் பங்காளி"ன்னு சிரிச்சான். சும்மா சொன்னான்னு நினைச்சேன்.

வீட்டுக்கு வந்து பார்த்தா நிஜம். 2005-ல டாடா ஏஸ் வந்தப்ப எஞ்சின் 702 சிசி, ரெண்டு சிலிண்டர், 16 குதிரை சக்தி. லோடு 750 கிலோ. 16 குதிரை தூக்குற எடையை இங்க 278 குதிரை தூக்க மாட்டேங்குது! சரி, குட்டி யானையை மணிக்கு 120 கிலோமீட்டர்ல ஓட்ட முடியாது, மோதினா இருக்கற பாதுகாப்பும் வேற. இருந்தாலும் யோசிக்க வைக்குதில்ல? இங்க ஏன் சின்ன சல்லிசான லோடு வண்டியே இல்லைன்னு தேடினா ஒரு கோழிக்கதை வந்து நிக்குது. 1960-கள்ல அமெரிக்கக் கோழிக்கு ஐரோப்பாக்காரங்க வரி போட்டாங்க. பதிலுக்கு 1964-லருந்து வெளியில செஞ்ச சின்ன டிரக்குக்கு அமெரிக்கா 25 சதவீத வரி போட்டுச்சு. கோழிச் சண்டை எப்பவோ முடிஞ்சிடுச்சு, வரி போகலை. பேரே 'சிக்கன் டாக்ஸ்'தான். நம்மூர்ல விக்கிற டொயோட்டா ஹைலக்ஸ் அமெரிக்க ஷோரூம்ல இல்லாததுக்கு இந்தக் கோழியும் ஒரு காரணம்.

அடுத்த வாரம் தங்கச்சியும் (பங்காளி வீட்டம்மாதான்) கூட வந்தாங்க, குழந்தை சீட்டைக் கையில தூக்கிக்கிட்டு. கடைசில பெரிய டெஸ்ட் வெச்சது அவங்கதான். சின்னக் குழந்தைக்கான சீட்டைப் பின்னாடி பார்த்த மாதிரி மாட்டணும். டகோமாவுல மாட்டினதும் முன் சீட்டை நகர்த்தி நகர்த்தி, கடைசில அவங்க முட்டி டாஷ்போர்டுல இடிச்சுது. "அண்ணா, நான் எங்க உக்கார்றது, பின்னாடி தொட்டியிலயா?"ன்னாங்க. ரிட்ஜ்லைன்ல சீட்டும் போச்சு, அவங்களும் உக்காந்தாங்க. தொட்டியோட உள் அகலம் சக்கர மேட்டுக்கு நடுவுல 50 இன்ச், 48 இன்ச் பிளைவுட் தரையில படுத்துக்கும். நீளம் மட்டும் வெளிய நீட்டும், பின் கதவை இறக்கி விட்டுக் கட்டிக்கலாம்.

"இது டிரக்கே இல்லடா. காருக்கு வேட்டி கட்டி விட்ட மாதிரி இருக்கு"ன்னான் பங்காளி. முழுக்கப் பொய்யும் இல்லை. மத்ததெல்லாம் லாரி மாதிரி தனி ஃபிரேம் மேல பாடி. இது மட்டும் கார் மாதிரி ஒரே கூடு. கொலராடோ மலையில கல்லு மேல ஏத்தி ஓட்டறவனா இருந்தா நானே டகோமாதான்னு சொல்லியிருப்பேன். இவன் போறது ஆபீஸ், பிளைவுட் கடை, இந்தியன் ஸ்டோர்.

ஆனாலும் டகோமாவுக்கு விலை பேச உக்காந்துட்டான். கடைக்காரர் விலைக்கு மேல 2,500 டாலர் சேர்த்திருந்தார். டயர்ல நைட்ரஜனாம், கண்ணாடில ஒட்ட ஏதோ பேப்பராம். அது வேணாம்னா வண்டி இல்லையாம். எல்லாம் சேர்த்து 45,000. அதுல 42,000 லோன், 7 சதவீத வட்டி, 72 மாசம். மாசம் 716 டாலர்.

அங்கதான் நான் வாயைத் திறந்தேன். "72 மாசம் கட்டணும். உனக்கும் எனக்கும் இந்த ஊர் கொடுத்திருக்கறது 60 நாள்."

அவன் முகம் மாறிடுச்சு. "நல்ல நாள்ல ஏன்டா அபசகுனமா பேசறே"ன்னு எழுந்து போயிட்டான். கார்ல ஒரு வார்த்தை இல்லை. இறங்கறப்ப மட்டும் சொன்னான்: "எங்கப்பா குட்டி யானை வாங்கினப்ப எனக்குப் பத்து வயசு. ஒட்டன்சத்திரம் மார்க்கெட்லருந்து காலி வண்டி திரும்பி வர்றப்ப பின்னாடி நின்னுக்கிட்டு வருவேன், காத்து மூஞ்சில அடிக்கும். என் பையன் அப்படி நிக்கணும்டா. கார்ல வேட்டி கட்டிட்டு இல்ல."

என் எக்ஸெல்ல அதுக்குக் காலம் இல்லை. 18 வயசுக்குக் கீழ உள்ளவங்களைத் திறந்த தொட்டியில ஏத்தி ரோட்டுல ஓட்டறது, சில விதிவிலக்கு போக, டெக்சாஸ்ல குத்தம்னு எனக்குத் தெரியும். அந்த நேரத்துல அதைச் சொல்ல மனசு வரலை.

ஒரு வாரம் பேச்சே இல்லை. அப்புறம் வாட்ஸப்புல அவங்க அப்பா.

"தம்பி, ஏதோ வண்டி வாங்கறானாமே. நீங்கதான் பார்த்துக் கொடுக்கறீங்களாம். லோடு எவ்வளவு?"

"546 கிலோப்பா."

"ஆளோட சேர்த்தா?"

"ஆமாப்பா."

கொஞ்ச நேரம் சத்தம் இல்லை. "விலை?" சொன்னேன். ரூபாயில கணக்குப் போட்டிருப்பார் போல, பெருமூச்சு கேட்டுச்சு. அப்புறம் கேட்டார்: "வாரத்துக்கு எத்தனை நடை?"

நான் ரெண்டு வாரமா வண்டி வண்டியாப் படிச்சதுல இந்தக் கேள்வி எங்கயும் வரலை. "ரெண்டு மாசத்துக்கு ஒரு நடைப்பா"ன்னேன். சிரிப்பார்னு பார்த்தேன். சிரிக்கலை.

"2012-ல மழை இல்லை தம்பி. காயும் இல்லை, நடையும் இல்லை. வண்டி வாசல்ல நின்னுச்சு. வண்டி நிக்கலாம், டியூ நிக்காது. மூணு டியூ விட்டுது. ஃபைனான்ஸ்காரங்க வந்து சாவியை வாங்கிட்டுப் போயிட்டாங்க. அவன் ஸ்கூலுக்குப் போயிருந்தான். சர்வீசுக்கு விட்டிருக்குன்னு சொல்லிட்டோம். அவங்கம்மா சங்கிலியை வெச்சுத்தான் எடுத்தேன். இன்னைக்கு வரைக்கும் அவனுக்குத் தெரியாது."

"இதை நான் சொல்ல மாட்டேன்ப்பா. நீங்களே சொல்லுங்க"ன்னேன்.

சொன்னார் போல. அந்த ஞாயித்துக்கிழமை காலைல பங்காளி என் வீட்டு வாசல்ல நின்னான், கண்ணெல்லாம் செவந்து. உள்ள வந்தான், காபி குடிச்சான், லேப்டாப்பைத் திறந்தான். ஷீட்ல 'தோற்றம்' காலத்தை அழிச்சுட்டு 'நடை'ன்னு எழுதினான். அதுக்கு எத்தனை மார்க்குன்னு கேக்கவே இல்லை.

2022 மாடல் ரிட்ஜ்லைன், ஒரே ஓனர், 28,000 டாலர். கொரோலாவை வித்து, சேமிப்பையும் போட்டு 16,000 கையில கட்டினான். மிச்சம் 12,000, 36 மாசம், மாசம் 370 சொச்சம். இன்னும் சிக்னல்ல டகோமா பக்கத்துல நின்னா கழுத்து திரும்பத்தான் செய்யுது. நானும் பார்க்காத மாதிரி இருந்துடுவேன்.

ஏப்ரல்ல அப்பாவும் அம்மாவும் வந்தாங்க. ஏர்போர்ட்டுக்கு நானும் போயிருந்தேன். அப்பா முதல்ல மகனைப் பார்க்கலை, வண்டியைப் பார்த்தார். டயரைக் காலால தட்டினார். தொட்டி ஓரத்தைப் பிடிச்சு ஒரு அமுக்கு அமுக்கிப் பார்த்தார். பங்காளி தொட்டியோட தரையைத் தூக்கி, அடியில இருக்கற பெட்டியைக் காட்டினான்.

"என்னடா, டிக்கிக்குள்ள டிக்கி?"

பொட்டிங்க எல்லாம் உள்ள போச்சு. ஏறுங்கப்பான்னா அவர் ஏறலை. அம்மா கழுத்தைப் பார்த்துட்டு, வண்டியைப் பார்த்துட்டு, மெதுவா கேட்டார்:

"டியூ என்னைக்குடா?"

"அஞ்சாம் தேதிப்பா. ஆறு மாச டியூவைத் தனியா பேங்க்ல போட்டு வெச்சிருக்கேன்."

சரின்னு தலையாட்டிட்டு முன் சீட்டுல ஏறி உக்காந்தார். கால் நல்லா நீட்டற மாதிரி இடம் இருந்துச்சு.

டிஸ்கி: இதைப் படிச்சுட்டு எந்த டிரக் வாங்கலாம்னு எனக்கு எழுதறவங்க, எழுதறதுக்கு முன்னாடி ரெண்டு விஷயம் பார்த்துட்டு வாங்க. கதவோரத்துல ஸ்டிக்கர் என்ன சொல்லுது? வாரத்துக்கு எத்தனை நடை? எக்ஸெல் நான் தர்றேன். 'தோற்றம்' காலம் மட்டும் கேக்காதீங்க சாமியோவ்!