மழைக்கு முன்னே பேட்டரியைப் பாருங்கள்

"கேமராவில் செத்துப்போன பேட்டரிக் கட்டையைச் சுவர்க் கடிகாரத்தில் போட்டால் மாதக்கணக்கில் ஓடுகிறதே, அது எப்படி?" விவசாயிகள் கூடும் இடங்களில் இந்தக் கேள்வி அவ்வப்போது வரும். கேட்பவர் வேடிக்கையாகத்தான் கேட்பார். ஆனால் இதற்கான பதில் தெரிந்திருந்தால், வெள்ளக் காலத்தில் ஒரு குடும்பத்துக்கு நிவாரணப் பணமே கூடக் கைக்கு வந்திருக்கும்.

பதில் நம் கிணற்றிலேயே இருக்கிறது. ஊற்றுக்கண் தூர்ந்துபோன கிணற்றில் 5 எச்.பி. மோட்டாரைப் போட்டால் கால் மணி நேரத்தில் காற்று வாங்கும். அதே கிணற்றில் வாளியால் சேந்தினால் வீட்டுக்கு நாள் முழுக்கத் தண்ணீர் கிடைக்கும். தண்ணீர் இல்லாமல் இல்லை, கேட்ட வேகத்துக்கு ஊறவில்லை, அவ்வளவுதான். கடிகாரம் வாளியால் சேந்துகிறது. டிஜிட்டல் கேமராவோ மோட்டார் போட்டு இழுக்கிறது. லென்ஸை வெளியே தள்ள ஒரு சிறு மோட்டார், பின்பக்கத் திரைக்கு வெளிச்சம், ஃபிளாஷுக்குச் சேர்த்துவைக்கும் மின்சாரம் என்று எல்லாவற்றுக்கும் ஒரே நேரத்தில் தீனி வேண்டும். அந்த வேகத்துக்குக் கட்டை ஈடு கொடுக்காவிட்டால் மின் அழுத்தம் சட்டென்று இறங்கும், கேமரா அணைந்துவிடும். கட்டைக்குள் மின்சாரம் மீதி இருக்கும். கேமராவுக்குத்தான் அது பயன்படாது.

ஸ்ரீபெரும்புதூர் வட்டத்தில், சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையை ஒட்டி இருக்கிறது தண்டலம். சுற்றிலும் தொழிற்சாலைகள். இருங்காட்டுக்கோட்டையில் கார், ஸ்ரீபெரும்புதூரில் செல்போன், ஒரகடத்தில் லாரியும் மோட்டார் சைக்கிளும் தயாராகின்றன. நடுவே இன்னும் ஏரிப் பாசனத்தில் நெல் நடுகிற குடும்பங்கள் இருக்கின்றன. அப்படி ஒரு குடும்பத்தில், 1 ஏக்கர் 20 சென்ட் நிலத்தை அறுபது வயதை நெருங்கிய ஒரு அம்மா பார்த்துவந்தார். மகன் செல்போன் தொழிற்சாலையில் வேலை பார்த்தார். நோக்கியா தொழிற்சாலை 2006-இல் தொடங்கி 2014 நவம்பர் 1 அன்று உற்பத்தியை நிறுத்தியது இந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் தெரிந்த கதை. அங்கே வேலையில் இருந்தபோது வந்த போனஸில் மகன் ஒரு டிஜிட்டல் கேமரா வாங்கினார். இரண்டு பென்சில் கட்டை போடுகிற சிறிய கேமரா. தொழிற்சாலை நின்றபின் அவர் ஷிஃப்ட் வேன் ஓட்டப் போய்விட்டார். கேமரா பீரோவில் கிடந்தது.

2015 டிசம்பர் மழை நினைவிருக்கும். டிசம்பர் 2 காலை வரையான 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர், செம்பரம்பாக்கத்தில் 47 சென்டிமீட்டர் பதிவானது. தண்டலத்திலும் வயல் எது, ஏரி எது என்று தெரியாதபடி தண்ணீர் நின்றது. சம்பா நெல் கதிர் பிடிக்கும் தறுவாயில் முழுகியது. மின்சாரம் இல்லை. வீட்டில் இருந்த பொத்தான் போனும் சார்ஜ் இறங்கிக் கிடந்தது. அம்மாவுக்குக் கேமரா நினைவுக்கு வந்தது. தெருமுனைப் பெட்டிக்கடையில் இரண்டு கட்டை வாங்கி, எட்டாம் வகுப்பு படித்த பேத்தியை அழைத்துக்கொண்டு வரப்புக்குப் போனார்.

கேமராவைத் திறந்ததும், "ஆயா, தேதி கேக்குது" என்றாள் பேத்தி.

"அது கெடக்கட்டும், மொதல்ல படத்தை எடு."

மூன்று படம் எடுப்பதற்குள் கேமரா அணைந்தது. கட்டையைக் கழற்றித் துடைத்துப் போட்டும் லென்ஸ் பாதி வெளியே வந்து நின்றுவிட்டது. கடைக்காரரிடம் வேறு கட்டை இல்லை. தண்ணீர் ஆறு நாள் நின்றது. அந்த ஆறு நாளுக்கும் சாட்சியாக இருந்தது மூன்று படங்கள். மூன்றின் மூலையிலும் தேதி 2008 ஜனவரி 1 என்று விழுந்திருந்தது.

கணக்கெடுக்க ஆட்கள் வந்தபோது தண்ணீர் வடிந்திருந்தது. பயிர் மீண்டும் பச்சை கட்டியிருந்தது. ஆறு நாள் முழுகியது என்று அம்மா சொன்னார். பக்கத்து நிலத்துக்காரர் இரண்டு மூன்று நாள்தான் இருக்கும் என்றார். 33 சதவீதமும் அதற்கு மேலும் சேதமான பயிருக்குத்தான் நிவாரணம். அந்த ஆண்டு நெல்லுக்கு ஹெக்டேருக்கு 13,500 ரூபாய், ஏக்கர் கணக்கில் ஏறத்தாழ 5,460 ரூபாய். அவர் நிலம் 33-க்குக் கீழே எழுதப்பட்டது. தைக்குப் பிறகு அறுத்தபோது பாதிக்குப் பாதி பதர். கதிர் உருவாகும் பருவத்தில் நாள்கணக்கில் முழுகிய நெல் வெளியே பச்சையாகத் தெரிந்தாலும் உள்ளே மணி பிடிக்காது. அது அறுவடையில்தான் தெரியும். அப்போது கணக்கு முடிந்துபோயிருக்கும்.

படம் இருந்தால் மட்டுமே நிவாரணம் என்று சட்டம் இல்லை. நிலத்தை நேரில் பார்த்துத்தான் எழுதுவார்கள். ஆனால் "எத்தனை நாள் தண்ணீர் நின்றது" என்ற பேச்சு வரும்போது, தேதியோடு இருக்கும் படம் சண்டைக்கு இடம் வைக்காது. அந்தக் கேமராவில் நடந்த கோளாறுகள் எல்லாமே முன்கூட்டித் தவிர்க்கக்கூடியவை.

முதலாவது, கட்டையின் வகை. பெட்டிக்கடையில் மலிவாகக் கிடைப்பது பெரும்பாலும் துத்தநாக–கார்பன் கட்டை. ரிமோட்டுக்கும் கடிகாரத்துக்கும் அது போதும். கேமராவுக்கு ஆகாது. ஆல்கலைன் கட்டை அதைவிட மேல். ஆனாலும் கேமராவின் இழுவைக்கு அதன் முழுத் திறனும் கிடைக்காது. கேமராவுக்கு ஏற்றது நிக்கல்–மெட்டல் ஹைட்ரைடு என்ற, திரும்பத் திரும்பச் சார்ஜ் போடும் கட்டை. 1.5 வோல்ட்டுக்குப் பதில் 1.2 வோல்ட் என்று அதன் மேல் போட்டிருக்கும். குறைவாக இருக்கிறதே என்று யோசிக்க வேண்டாம். பாரம் ஏறினாலும் அந்த அழுத்தத்தை விடாமல் பிடித்துக்கொள்வதுதான் அதன் பலம். 2,000 மில்லி ஆம்பியர் மணிக்குக் குறையாத கட்டையாகப் பார்த்து வாங்கலாம்.

இரண்டாவது, சும்மா இருந்தாலே இறங்குவது. பழைய வகை நிக்கல்–மெட்டல் ஹைட்ரைடு கட்டை, சார்ஜ் போட்டு வைத்த ஒரு மாதத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் இழந்துவிடும். வெயில் காலத்தில் இன்னும் வேகமாக இறங்கும். ஓட்டைப் பானையில் தண்ணீர் பிடித்து வைத்தது போல. 2005-இல் ஜப்பானின் சான்யோ நிறுவனம், ஓராண்டு கழித்தும் பெரும்பகுதி சார்ஜைக் காப்பாற்றும் கட்டையைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. இன்று பல நிறுவனங்கள் அந்த வகையைச் செய்கின்றன. சார்ஜ் போட்ட நிலையிலேயே விற்கப்படுவது என்று உறையில் எழுதியிருந்தால் அது பெரும்பாலும் இந்த வகைதான். எப்போதாவது கேமராவை எடுப்பவர்களுக்கு இதுவே சரி.

மூன்றாவது, ஜோடி. பழைய கட்டையோடு புதியதைச் சேர்த்துப் போடக் கூடாது. ஒரு வண்டியில் நோஞ்சான் மாட்டையும் காளையையும் பூட்டினால் நோஞ்சான் மாடுதான் முதலில் விழும், வண்டியும் அங்கேயே நிற்கும். ஒன்றாக வாங்கியதை ஒன்றாகவே போட்டு, ஒன்றாகவே சார்ஜ் செய்ய வேண்டும். கட்டையின் மேல் மாதம், வருடம் எழுதி வைத்தால் குழப்பம் இல்லை. கட்டை உட்காரும் இடத்தில் இருக்கும் தகட்டில் அழுக்கோ பச்சைக் களிம்போ பிடித்திருந்தால் உலர்ந்த துணியால் துடையுங்கள். நல்ல கட்டை கூட இதனால் செத்தது போலத் தெரியும்.

நான்காவது, தேதி. பல கேமராக்களில் தேதியைக் காப்பாற்ற உள்ளே ஒரு குட்டி பேட்டரி இருக்கிறது. அது பெரிய பேட்டரியிலிருந்துதான் சார்ஜ் வாங்கும். கேமராவை வெறுமனே நாள்கணக்கில் வைத்தால் அதுவும் வற்றி, தேதி பழைய கணக்குக்குப் போய்விடும். கட்டை போட்டதும் கேமரா தேதி கேட்டால், சேற்றில் நின்றுகொண்டிருந்தாலும் அதை முதலில் போடுங்கள். ஆனால் வேலை இல்லாத மாதங்களில் சாதாரணக் கட்டையை உள்ளேயே விட்டு வைக்கவும் கூடாது. ஒழுகினால் கேமராவே போய்விடும்.

தட்டையான லித்தியம் பேட்டரி உள்ள கேமராவுக்கும் செல்போனுக்கும் வழக்கு வேறு. முழுக்க இறக்கி, பிறகு முழுக்க ஏற்ற வேண்டும் என்பது பழைய நிக்கல்–காட்மியம் காலத்து அறிவுரை. லித்தியத்துக்கு அது கெடுதல். அதன் முதல் எதிரி சூடு. தகரக் கொட்டகை, மோட்டார் ரூம், வெயிலில் நிற்கும் வண்டியின் பெட்டி ஆகியவற்றில் வைத்தால் ஆயுள் குறையும். பல மாதம் எடுக்காமல் வைப்பதென்றால் பாதி சார்ஜில், நிழலான இடத்தில் வையுங்கள். உப்பியிருந்தால் அதை மேற்கொண்டு பயன்படுத்தாதீர்கள், குத்தாதீர்கள், நெருப்பில் போடாதீர்கள். 2007 ஆகஸ்டில் நோக்கியாவின் பி.எல்.-5சி வகை பேட்டரிகளில் 4 கோடியே 60 லட்சம், சார்ஜ் போடும்போது சூடாகலாம் என்று அறிவிப்பு வந்தது. அப்போது ஊர் ஊராக ஜனங்கள் போனைத் திருப்பிப் பேட்டரியில் இருந்த எண்ணைப் படித்தார்கள். அந்தப் பழக்கம் இன்றைக்கும் நல்லது. மாற்று பேட்டரி வாங்கும்போது தயாரிப்பாளர் பெயர், வோல்ட், திறன் மூன்றையும் படித்து, ரசீதோடு வாங்குங்கள்.

முதுகில் மாட்டும் பேட்டரி ஸ்பிரேயருக்கு இதற்கு நேர் எதிரான விதி. அதில் பெரும்பாலும் 12 வோல்ட் ஈய–அமில பேட்டரி இருக்கும். அதைப் பாதி சார்ஜில் வைக்கக் கூடாது. மருந்தடித்து வந்த அன்றே முழுக்கச் சார்ஜ் போட வேண்டும். இறங்கிய நிலையில் வாரக்கணக்கில் கிடந்தால் ஈயத் தகட்டில் சல்பேட் படிந்து, பிறகு சார்ஜே பிடிக்காது. பயன்படுத்தாத மாதங்களிலும் மாதம் ஒரு முறை சார்ஜ் போடுங்கள். வயலின் நடுவில் அழுத்தம் குறைந்தால் ஒரு பாத்திக்கு மருந்து கூடும், ஒரு பாத்திக்குக் குறையும். பூச்சியும் சாகாது, பணமும் போகும்.

2023 டிசம்பர் 3, 4 தேதிகளில் மிக்ஜாம் புயல் மழை வந்தபோது தண்டலத்து அம்மாவின் வீட்டில் நான்கு கட்டைகள் சார்ஜ் போட்டுத் தயாராக இருந்தன. கல்லூரிக்குப் போகும் பேத்தி புரட்டாசியிலேயே கேமராவின் தேதியைச் சரிபார்த்திருந்தாள். வயலில் அடிக்கணக்கு குறித்த ஒரு கம்பை நட்டு, தினமும் ஒரே வரப்பிலிருந்து, பின்னால் மின்கம்பம் தெரியும்படி இரண்டு படம் எடுத்தாள். திரை வெளிச்சத்தைக் குறைத்து, ஃபிளாஷை நிறுத்தியிருந்தாள். மின்சாரம் இல்லாத நாளிலும் கேமரா நின்றுபோகவில்லை. அந்தப் புயலுக்கு, 33 சதவீதமும் மேலும் சேதமான பயிருக்கு அரசு ஹெக்டேருக்கு 17,000 ரூபாய் அறிவித்தது. கணக்கெடுக்க வந்தவர்கள் நிலத்தைப் பார்த்தார்கள், படங்களையும் வரிசையாகப் பார்த்தார்கள். எத்தனை நாள் தண்ணீர் நின்றது என்பதில் இந்த முறை பேச்சே எழவில்லை.

பழைய பேட்டரிகளை எருக்குழியிலோ கிணற்றிலோ எறியாதீர்கள். காட்மியமும் ஈயமும் மண்ணில் இறங்கினால் திரும்ப எடுக்க முடியாது. 2022-ஆம் ஆண்டின் பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகளின்படி, பழைய பேட்டரியைத் திரும்பப் பெறும் பொறுப்பு தயாரிப்பாளருடையது. புதியது வாங்கும் கடையிலேயே பழையதைக் கொடுத்துக் கேளுங்கள். ஸ்பிரேயர் பேட்டரிக்குப் பழைய விலையும் கிடைக்கும்.

வடகிழக்குப் பருவமழைக்கு முன் வாய்க்கால் தூர் வாருகிறோம், வரப்பை உயர்த்துகிறோம். அதே வாரத்தில் ஒரு மணி நேரம் ஒதுக்கி, வீட்டில் உள்ள டார்ச், கேமரா, போன், ஸ்பிரேயர் எல்லாவற்றையும் திண்ணையில் எடுத்து வைத்து, ஒவ்வொன்றாகப் போட்டுப் பாருங்கள். பிடிக்காத பேட்டரியை அன்றைக்கே மாற்றிவிடுங்கள். மழை பிடித்த பிறகு பெட்டிக்கடையிலும் கட்டை இருக்காது.