சிவசக்தி வெளியேறிய நிமிடம்

2022 செப்டம்பர் 18, கொல்கத்தா. டூரண்ட் கோப்பை இறுதியாட்டத்தில் பெங்களூரு எஃப்.சி.யின் முதல் கோலை அடித்தவர், சிவகங்கை மாவட்டத்துக் கண்டனூரைச் சேர்ந்த 21 வயது முன்கள வீரர் சிவசக்தி நாராயணன். மும்பை சிட்டியை 2-1 என வென்று கோப்பை பெங்களூரு வந்தது.

அதே பருவத்து ஐ.எஸ்.எல். தொடரின் பிற்பகுதியில் பயிற்சியாளர் சைமன் கிரேசன் தொடக்கப் பதினொருவரில் சிவசக்தியை இறக்கினார்; மாற்று வீரராக அமர்ந்து காத்திருந்தவர் சுனில் சேத்ரி! மூத்தவர் இருக்க இளையவருக்கு இடம் கிட்டுவது நம் பல்கலைக்கழகத் துறைகளிலும் அரிதன்றோ?

2023 மார்ச் 18, கோவா. இறுதியாட்டம் தொடங்கிய சில நிமிடங்களிலேயே காயமுற்றுச் சிவசக்தி வெளியேறினார். உள்ளே வந்தவர் அதே சேத்ரி. பெனால்டியில் ஒரு கோலும் அடித்தார். ஆட்டம் 2-2 எனச் சமனாகி, பெனால்டி ஷூட் அவுட்டில் ஏடிகே மோகன் பகான் வென்றது. அப்பருவத்தின் வளரும் வீரர் விருது சிவசக்திக்குக் கிடைத்தது.