கடிதம் தர மறுத்தவர்

போன மாதம் எங்கள் தமிழ்ப் பள்ளியில் உதவி செய்யும் ஒரு தங்கை என்னிடம் வந்தாள். பன்னிரண்டாம் வகுப்புப் படிக்கிறாள். "அண்ணா, எனக்கு ஒரு ரெகமண்டேஷன் லெட்டர் எழுதித் தருவீங்களா?" என்று கேட்டாள். கல்லூரியில் படித்துக்கொண்டே ராணுவ அதிகாரிப் பயிற்சியும் பெறும் ஆர்.ஓ.டி.சி. திட்டத்துக்கு விண்ணப்பிக்கிறாளாம். "அப்பாவுக்கு இன்னும் சொல்லேல்லை" என்று மெதுவாகச் சேர்த்துக்கொண்டாள்.

எனக்குச் சிரிப்பும் வந்தது, கொஞ்சம் பயமும் வந்தது. இதே மாதிரிக் கடிதங்களுக்காக நானும் ஒருகாலத்தில் நாலு மாதம் அலைந்திருக்கிறேன். அந்தக் கதையை இங்கே எழுதியதில்லை. இன்று எழுதுகிறேன்.

அப்போது எனக்கு வயது 28. எஞ்சினியரிங்கில் மாஸ்டர்ஸ் முடித்து, ஐ.டி. கன்சல்டன்டாக வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். நல்ல சம்பளம். ஆனால் ஆறு மாதம் ஒரு கம்பெனி, அடுத்த ஆறு மாதம் இன்னொன்று. வேலை முடிந்தால் லேப்டாப்பை மூடிக்கொண்டு போய்விடலாம். நான் போன பிறகு அங்கே யாருக்கு என்ன ஆனது என்று எனக்குத் தெரியாது, தெரிய வேண்டிய அவசியமும் இல்லை. அது எனக்குள் உறுத்தத் தொடங்கியது. என்னை நம்பி நாலு பேர் இருக்கும் ஒரு வேலை வேண்டும் என்று தோன்றியது. அமெரிக்க ராணுவத்தின் ஓ.சி.எஸ். என்ற அதிகாரிப் பயிற்சிக்கு விண்ணப்பிக்க முடிவு செய்தேன். முதலில் 10 வாரம் அடிப்படைப் பயிற்சி, பிறகு ஜார்ஜியா மாநிலத்தில் ஃபோர்ட் பென்னிங்கில் 12 வாரம். முடித்தால் செகண்ட் லெப்டினன்ட்.

ரெக்ரூட்டராக இருந்த சார்ஜன்ட் ஒரு பட்டியலைக் கையில் தந்தார். பட்டப்படிப்புச் சான்றுகள், பரீட்சையில் ஜி.டி. புள்ளி 110க்குக் குறையாமல், மருத்துவப் பரிசோதனை, 'ஏன் அதிகாரியாக விரும்புகிறேன்' என்று ஒரு கட்டுரை, குடும்பத்தினர் அல்லாத மூன்று பேரிடமிருந்து பரிந்துரைக் கடிதங்கள். எல்லாவற்றிலும் சுலபம் கடிதம்தான் என்று நினைத்தேன். ஒரே வாரத்தில் வாங்கிவிடலாம் என்று சார்ஜன்ட்டிடம் சொல்லியும் விட்டேன்.

முதல் கடிதத்துக்கு நம் ஆட்கள் எல்லோரும் செய்வதைத்தான் நானும் செய்தேன். பெரிய ஆளாகப் பார்த்துக் கேட்டேன். அப்பாவின் நண்பர், பெயர்பெற்ற டாக்டர். அங்கிள் மறுநாளே அழகான லெட்டர்ஹெட்டில் அனுப்பிவிட்டார். நல்ல குடும்பத்துப் பிள்ளை, பெரியவர்களை மதிப்பவன், மிருதங்கம் பழகியவன், தாய்தகப்பன் பட்ட கஷ்டத்தை உணர்ந்தவன் என்று ஒரு பக்கம். சார்ஜன்ட் அதைப் படித்துவிட்டு என்னைப் பார்த்தார். "நல்ல கடிதம். ஆனால் இது உன் அப்பாவைப் பற்றியது" என்றார்.

இரண்டாவது, என் மாஸ்டர்ஸ் ஆய்வை வழிநடத்திய பேராசிரியர். "நீயே எழுதி அனுப்பு, நான் கையெழுத்துப் போடுகிறேன்" என்று பதில் போட்டார். இது பலருக்கும் நடப்பதுதான். இரவு உட்கார்ந்து என்னைப் பற்றி நானே எழுதினேன். காலையில் படித்துப் பார்த்தபோது வெட்கமாக இருந்தது. 'தலைமைப் பண்பு' என்ற சொல் ஏழெட்டு இடத்தில் இருந்தது. ஒரு உதாரணம்கூட இல்லை. அதை அழித்துவிட்டு, 15 நிமிடம் நேரில் பார்க்கலாமா என்று கேட்டேன். அந்தப் பேச்சில் அவர்தான் நினைவுபடுத்தினார்: மாநாட்டுக்குக் கட்டுரை அனுப்ப இரண்டு நாள் இருக்கையில், எங்கள் அளவீடுகளில் பிழை இருக்கிறது என்று நான் போய்ச் சொன்னேனாம். அந்த வருடம் கட்டுரை போகவில்லை. எனக்கு அது ஒரு தோல்வியாகத்தான் நினைவில் இருந்தது. அவர் அதைத்தான் எழுதித் தந்தார்.

மூன்றாவது கடிதம் வேலையிடத்திலிருந்து வேண்டும். என் மேலாளரிடம் கேட்டேன். எப்போதும் என்னைப் பாராட்டுகிறவர். நிச்சயம் தருவார் என்றுதான் போனேன். அவர் கதவைச் சாத்திவிட்டு உட்காரச் சொன்னார்.

"என்னால் எழுத முடியாது" என்றார்.

எனக்குப் பேச்சே வரவில்லை. அவரே தொடர்ந்தார். "உன் வேலையைப் பற்றிக் கேட்டால் பத்துப் பக்கம் எழுதுவேன். ஆனால் அவர்கள் கேட்பது அதுவல்ல. அன்று புதிதாக வந்த பையன் ஒரு தவறு செய்தபோது நீ என்ன செய்தாய்? இரவோடு இரவாக நீயே சரிசெய்துவிட்டுப் போய்விட்டாய். என்ன தவறு என்று அவனுக்கு இன்றுவரை தெரியாது. உன் பகுதி முடிந்தால் நீ வீட்டுக்குப் போய்விடுவாய். ராணுவத்தில் உன்னிடம் 30, 40 பேரை ஒப்படைப்பார்கள். நீ ஒருவரையாவது வழிநடத்தி நான் பார்த்ததில்லை. பார்க்காததை எழுத மாட்டேன்."

கோபத்தோடு வீட்டுக்கு வந்தேன். பொறாமை, ராணுவம் என்றால் பிடிக்காது, என்னை விட மனமில்லை என்று அவருக்கு எத்தனையோ காரணங்களைக் கட்டிவிட்டேன். மூன்று நாள் கழித்துத்தான், அவர் சொன்னதில் ஒரு வரிகூடப் பொய் இல்லை என்பதை ஒத்துக்கொண்டேன். திரும்பிப் போய், "நீங்கள் பார்ப்பதற்கு நான் என்ன செய்ய வேண்டும்?" என்று கேட்டேன். அவர் சிரித்தார். அடுத்த வாரம் புதிதாகச் சேர்ந்த இரண்டு பேரை என் பொறுப்பில் விட்டார்.

அந்த மூன்று மாதம் சுலபமாக இருக்கவில்லை. நானே செய்தால் ஒரு மணி நேரத்தில் முடியும் வேலையை, இன்னொருவர் ஒரு நாள் முழுக்கச் செய்வதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பது எவ்வளவு கடினம் என்று அப்போதுதான் தெரிந்தது. ஒருநாள் அவர்களில் ஒருவன் தவறான டேட்டாபேஸில் கட்டளையை ஓட்டிவிட்டான். வாடிக்கையாளரின் வேலை அரை நாள் நின்றது. யார் செய்தது என்று கூட்டத்தில் கேட்டார்கள். "சரிபார்க்க வேண்டியது நான். சரிபார்க்கவில்லை" என்றேன். வீரமாகச் சொல்லவில்லை. குரல் நடுங்கியது. ஆனால் அது உண்மைதான், நான் சரிபார்க்கவில்லை. அன்று மாலை அவனும் நானும் உட்கார்ந்து, அப்படி இனிமேல் நடக்காமலிருக்க ஒரு வழி செய்தோம். இந்த முறை அதை அவன்தான் எழுதினான், நான் பக்கத்தில் இருந்தேன்.

இதற்கிடையே வீட்டில் வேறொரு போராட்டம். அம்மாவும் அப்பாவும் யாழ்ப்பாணத்திலிருந்து எண்பதுகளில் வந்தவர்கள். ஓ.சி.எஸ். பற்றிச் சொன்ன அன்று அம்மா, "என்ன விசர்க்கதை கதைக்கிறாய்? ஆமி எண்டால் என்னெண்டு உனக்குத் தெரியுமோ?" என்று கேட்டுவிட்டு அறைக்குள் போய்விட்டார். பிறகு அதைப் பற்றி வாயே திறக்கவில்லை.

பாதுகாப்பு அனுமதிக்கு எஸ்.எஃப்.-86 என்று ஒரு நீண்ட படிவம் நிரப்ப வேண்டும். பத்து வருடம் எங்கெங்கே வசித்தாய், உன்னை நன்றாகத் தெரிந்தவர்கள் யார், வெளிநாட்டில் யாரோடு நெருங்கிய தொடர்பு என்றெல்லாம் கேட்கும். யாழ்ப்பாணத்தில் இருக்கும் மாமாவின் விவரங்களை அம்மாவிடம் கேட்க வேண்டி வந்தது. முகவரியைச் சொல்லிக்கொண்டு வந்தவர் பாதியில் நிறுத்தினார். பிறகுதான் அந்தக் கதையைச் சொன்னார்.

மாமாவுக்கு 19 வயதாக இருந்தபோது ஒரு சுற்றிவளைப்பில் பிடித்துக்கொண்டு போனார்கள். அம்மம்மா முகாம் வாசலில் போய் நின்று அழுதார். உள்ளே விடவில்லை. அன்றிரவு மாமாவின் பள்ளிக்கூட அதிபர் ஒரு கடிதம் எழுதினார். 'இவனை ஆறு வருடமாக எனக்குத் தெரியும். நான் கணக்குப் படிப்பித்த மாணவன்' என்று எழுதி, கையெழுத்தும் முத்திரையும் வைத்து, காலையில் தானே சைக்கிளில் கொண்டுபோய்க் கொடுத்தார். அந்த நாட்களில் அப்படிப் பெயர் போட்டுக் கொடுப்பது அவருக்கே ஆபத்து. மாமா மூன்றாம் நாள் வீட்டுக்கு வந்தார். கடிதத்தால்தான் விட்டார்களா என்று யாருக்கும் தெரியாது. அம்மா அப்படித்தான் நம்புகிறார்.

அதைக் கேட்ட பிறகு, டாக்டர் அங்கிளிடம் நான் வாங்கிய கடிதத்தை நினைத்துக் கூச்சமாக இருந்தது. நான் கடிதத்தை விண்ணப்பத்தோடு சேர்க்கும் ஒரு தாள் என்று மட்டும் நினைத்திருந்தேன். 'இவனை எனக்குத் தெரியும்' என்று எழுதிக் கீழே பெயர் போடுவது எவ்வளவு பெரிய காரியம்!

மேலாளர் கடைசியில் கடிதம் தந்தார். அரைப் பக்கம்தான். முதல் வரியே, முதலில் கேட்டபோது நான் மறுத்தேன் என்பது. பிறகு ஏன் மறுத்தார், அதற்குப் பிறகு என்ன பார்த்தார் என்று, அந்தக் கூட்டத்தைப் பற்றியும் எழுதியிருந்தார். அம்மா அதைத் தமிழில் சொல்லச் சொன்னார். வரிவரியாகச் சொன்னேன். கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "எனக்கு ஆமி எண்டால் இண்டைக்கும் பயம்தான் மோனை. ஆனா இந்த மனிசி உன்னைப் பாத்துத்தான் எழுதியிருக்கிறா" என்றார்.

நான் போகவில்லை என்பது உங்களுக்குத் தெரியும். அப்போதைய விதிப்படி 13 வயதுக்குப் பிறகு ஆஸ்துமா இருந்திருந்தால் சேர்க்க மாட்டார்கள், விதிவிலக்குக் கேட்க வேண்டியிருந்தது. நான் 15 வயதில் இன்ஹேலர் பாவித்தது மருத்துவக் குறிப்பில் இருந்தது. விதிவிலக்குக் கேட்டேன், கிடைக்கவில்லை. என் விண்ணப்பம் தேர்வுக் குழுவரை போகவே இல்லை. நல்ல கடிதங்கள் இரண்டையும் முழுக்கக் கேட்டறிந்தவர் அம்மா ஒருவர்தான். பல நாள் வருத்தமாக இருந்தது. ஆனால் அந்த மூன்று மாதத்தை யாரும் திருப்பி எடுத்துக்கொள்ளவில்லை. அந்த இரண்டு பேரில் ஒருவன் இன்று தனக்குக் கீழே ஆட்களை வைத்து வேலை பழக்குகிறான்.

ராணுவமோ, கல்லூரியோ, வேலையோ, நீங்களும் ஒருநாள் கடிதம் கேட்கப் போவீர்கள். பெரிய பதவியில் இருப்பவரைத் தேடாதீர்கள், உங்களைப் பக்கத்தில் இருந்து பார்த்தவரைத் தேடுங்கள். ஒரு மாதத்துக்கு முன்பே கேளுங்கள். 'எழுதுவீங்களா' என்று கேட்காமல், 'என்னைப் பற்றி நல்ல கடிதம் எழுதும் அளவுக்கு என்னைத் தெரியுமா' என்று கேளுங்கள். மறுப்பதற்கு அவருக்கு இடம் கொடுங்கள். மறுத்தால், ஏன் என்று கேட்கும் தைரியமும் வேண்டும். முடிவு எதுவானாலும், எழுதியவருக்குச் சொல்லி நன்றி கூறுங்கள்.

அந்தத் தங்கைக்கு நான் உடனே 'ஓம்' சொல்லவில்லை. ஒரு வாரம் யோசித்தேன். 'ழ' சொல்ல வராததால் வகுப்புக்கு வரவே மாட்டேன் என்று அழுத ஏழு வயதுப் பையன் ஒருவன் இருந்தான். அவள் ஐந்து சனிக்கிழமை அவனோடு வாசல் படியில் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்ததை நான் பார்த்திருக்கிறேன். ஆறாவது சனிக்கிழமை அவனே உள்ளே வந்தான்.

அதை எழுதி நேற்று அனுப்பினேன். அப்பாவிடம் அவள் இன்னும் சொல்ல வேண்டும். அதற்கு என்னால் கடிதம் எழுத முடியாது. கூட வந்து உட்காருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.