எலுமிச்சையை விடுங்கள், வெயிலைக் கவனியுங்கள்

2012-இல் ‘நியூ இங்கிலாந்து மருத்துவ இதழ்’ வெளியிட்ட ஒரு படத்தைத் தேடிப் பாருங்கள். 28 ஆண்டுகள் டெலிவரி லாரி ஓட்டிய 69 வயதுக்காரர். ஜன்னல் பக்கம் இருந்த இடது கன்னம் மட்டும் தடித்து, ஆழமான வரிகளோடு தொங்குகிறது. வலது கன்னம் பல வயது இளையவருடையதுபோல இருக்கிறது. ஒரே ஆள், ஒரே சாப்பாடு, ஒரே வயது. கண்ணாடியையும் கடந்து வரும், வெயிலின் யுவிஏ என்ற புற ஊதாக் கதிர்தான் வித்தியாசம். நாமோ இயற்கைப் பராமரிப்பு என்றதும் எலுமிச்சம்பழத்தைப் பிழிந்து தேய்க்கிறோம். அதைத் தடவிக்கொண்டு வெயிலில் போனால் தோல் புண்ணாகிக் கருத்துவிடும். பயத்தமாவு அழுக்கை எடுக்கும், தேங்காய் எண்ணெய் வறட்சியைத் தணிக்கும். அவற்றிடம் அதற்கு மேல் கேட்கக் கூடாது.

கறுத்த தோலை வெயில் ஒன்றும் செய்யாது என்பார்கள். மெலனின் காப்பது உண்மைதான், ஆனால் ஓரளவுக்குத்தான். நமக்குச் சுருக்கம் தாமதமாகும், மங்கு முந்திக்கொள்ளும். சன்ஸ்கிரீன் ரசாயனம் ஆயிற்றே என்றால், குடையும் முழுக்கைச் சட்டையும் இருக்கின்றன. ஆனாலும் ஆஸ்திரேலியாவின் நம்பூரில் 903 பேரிடம் நாலரை ஆண்டு நடந்த ஆய்வில், தினமும் சன்ஸ்கிரீன் பூசியவர்களுக்குத் தோல் முதுமை 24 சதவீதம் குறைவாக இருந்தது. சிரித்துச் சிரித்துக் கண்ணோரம் விழும் கோடுகளை இவை எதுவும் தடுக்காது. அவற்றுக்காக ஊசி போட்டுக்கொள்ள எனக்கு ஒரு காரணமும் தெரியவில்லை.