பெட்டியில் வராத கப்பல்



எங்கள் சிவகிரி மலையடிவார ஊர். மேற்கே திரும்பினால் மலை. கிழக்கே திரும்பினால் வயலும் குளமும். கடலைக் காண வேண்டுமானால் தூத்துக்குடிக்கோ திருச்செந்தூருக்கோ பேருந்து ஏற வேண்டும். இப்படிப்பட்ட ஊரில், எழுபதை நெருங்கும் வயதில், போர்க்கப்பல் ஒன்றின் மாதிரியைச் செய்ய நான் ஏன் உட்கார்ந்தேன் என்று கேட்பீர்கள். அதைச் சொல்லத்தான் இக்கட்டுரை.

மர்ஹூம் என் அண்ணன் இந்தியக் கடற்படையில் இயந்திரப் பிரிவு மாலுமியாக இருந்தவர். 1984 முதல் நான்கு ஆண்டுகள் ஐ.என்.எஸ். ராஜ்புத் என்ற நாசகாரிக் கப்பலில் பணியாற்றினார். அதற்குப் பிறகும் வேறு கப்பல்களில் இருந்தார். ஆனால் 'எங்க கப்பல்' என்று அவர் சொன்னால் அது ராஜ்புத் ஒன்றுதான். இயந்திர அறையின் இரைச்சலில் உரக்கப் பேசிப் பழகியவர், வீட்டிலும் உரக்கவே பேசுவார். அவர் விடுமுறையில் வந்திருக்கிறார் என்பது தெருமுனையிலேயே தெரிந்துவிடும்.

2020இல் அண்ணன் வஃபாத்தானார். அடுத்த ஆண்டு, 2021 மே 21ஆம் நாள், விசாகப்பட்டினத்தில் அந்தக் கப்பலும் பணியிலிருந்து விடுவிக்கப்பட்டது. கொரோனாக் காலமாதலால் விழா மிக எளிமையாக நடந்தது. அண்ணனின் மகள் வயிற்றுப் பேரன் அந்தச் செய்தியைக் கைப்பேசியில் காட்டி, "சின்ன நன்னா, நன்னாவோட கப்பல இனி பாக்கவே முடியாதா?" என்று கேட்டான். அடுக்களை வாசலில் நின்றிருந்த மதினி, "அவுக இருக்கும்போதே எனக்குக் காட்டலையே" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். அந்தச் சொல் என்னைத் தைத்தது. "நான் செஞ்சு காட்டுறேன் மதினி" என்று வாய்விட்டுவிட்டேன்.

பள்ளியில் கைத்தொழில் ஆசிரியனாக இருந்து ஓய்வு பெற்றவன் நான். அட்டையும் பசையும் கத்தியும் என் கைக்குப் புதியவை அல்ல. கடையில் பாகங்கள் அடங்கிய பெட்டி, அதாவது 'கிட்', ஒன்றை வாங்கி ஒட்டினால் வேலை முடிந்தது என்றே எண்ணினேன். தேடத் தொடங்கிய பிறகுதான் உண்மை விளங்கியது.

உலகச் சந்தையில் கப்பல் கிட்டுகளுக்குப் பஞ்சமே இல்லை. ஜப்பானின் ஷிசுவோகா மாகாணத்தைச் சேர்ந்த டாமியா, ஹசேகாவா, அயோஷிமா, புஜிமி ஆகிய நான்கு நிறுவனங்கள் 1971இல் ஒன்றுகூடி, நீர்மட்டத்துக்கு மேலே தெரியும் பகுதியை மட்டும் எழுநூறில் ஒரு பங்கு அளவில் வெளியிடத் தொடங்கின. அமெரிக்கா இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் 175 கப்பல்கள் கட்டிய பிளெட்சர் வகை நாசகாரியை முந்நூற்றைம்பதில் ஒரு பங்கு அளவில் டாமியா தருகிறது. பிரிட்டனின் ஏர்பிக்ஸ் நிறுவனம் காசக் என்ற நாசகாரியை அறுநூறில் ஒரு பங்காகத் தந்தது. எல்லாம் பிறர் கப்பல்கள். நான் தேடிய இடங்களில் ராஜ்புத் என்ற பெயர் அச்சிட்ட பெட்டி ஒன்றுகூட அகப்படவில்லை. இணையவழியில் 'அதே வகை' என்று சொல்லி ஒருவர் விற்றதை வாங்கினேன். வந்தது முற்றிலும் வேறொரு கப்பல். அதுவும் கம்பம் ஒடிந்த நிலையில்! பணம் போனதைவிட, பேரன் முகம் வாடியதே எனக்கு வருத்தம்.

'அதே வகை' என்பதற்கு ஒரு விளக்கம் தேவை. ராஜ்புத் சோவியத் நாட்டின் நிக்கொலாயேவ் நகரில், இன்றைய உக்ரைனில், கட்டப்பட்டது. மேலைநாட்டார் காஷின் வகை என்று அழைத்த கப்பல்களின் வழியில் வந்தது. சோவியத் கடற்படை தனக்கென 20 கப்பல்களைக் கட்டிக்கொண்டது. நமக்காக ஐந்து கட்டப்பட்டன. ராஜ்புத், ராணா, ரஞ்சித், ரண்வீர், ரண்விஜய் என்பவை அந்த ஐந்து. அவற்றில் மூத்தது ராஜ்புத். 1980 மே 4ஆம் நாள் ஜார்ஜியாவின் போத்தி துறைமுகத்தில், அப்போது சோவியத் நாட்டுக்கான நம் தூதராக இருந்தவரும் பின்னாளில் பிரதமரானவருமான ஐ.கே. குஜ்ரால் முன்னிலையில் அது நம் கடற்படையில் சேர்ந்தது.

ரஷ்யாவின் காம்பிரிக் போன்ற நிறுவனங்கள் சோவியத் கப்பல்களைப் பிசின் வார்ப்பில் தருகின்றன. துபாயில் வேலை பார்க்கும் என் மருமகன் அத்தகைய காஷின் கிட் ஒன்றைத் தேடிப்பிடித்துக் கொண்டுவந்தார். பிரித்துப் பார்த்தால், கப்பலே 21 சென்டிமீட்டர்தான். பாகங்கள் சீரகம் போலக் கிடந்தன. என் கண்ணுக்கு அது ஆகாது. தவிரவும், சோவியத் கப்பலில் முன்னும் பின்னும் இரட்டைப் பீரங்கிகள் உண்டு. நம்முடையதில் பின்புறப் பீரங்கியை நீக்கிவிட்டு, அங்கே ஹெலிகாப்டருக்கு இடம் செய்திருக்கிறார்கள். ஏவுகணைக் கூடுகளும் அங்கே பின்னோக்கி இருக்கும். இங்கே பாலத்தின் இருபுறமும் முன்னோக்கி நிற்கும். ஆகவே அந்தப் பெட்டியை ஒட்டுவதற்கு வைத்துக்கொள்ளாமல், அளந்து பார்ப்பதற்கு வைத்துக்கொண்டேன். உடற்பகுதியின் வளைவு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதை எந்தப் புகைப்படமும் அவ்வளவு தெளிவாகக் காட்டாது. நம் கப்பலுக்கான கிட் கிடைக்காதவர்கள் அதன் உறவுக் கப்பலின் கிட்டைக் குறிப்பு நூலாகக் கொள்ளலாம் என்பது நான் கண்ட முதல் வழி.

அடுத்து அளவு. கப்பலின் நீளம் சுமார் 147 மீட்டர், அகலம் 15.8 மீட்டர். இருநூறில் ஒரு பங்காகச் செய்தால் நீளம் 73.5 சென்டிமீட்டர், அகலம் 7.9 சென்டிமீட்டர் வரும். மாதிரியில் ஒரு மில்லிமீட்டர் என்பது கப்பலில் 20 சென்டிமீட்டர். கணக்குக்கு எளிது, என் கண்ணுக்கும் எளிது. மதினி வீட்டுக் கண்ணாடி அலமாரியின் மேல்தட்டும் அதற்குத் தக்கபடி இருந்தது.

இனி ஆதாரங்கள். ஆங்கிலத்தில் ஜேன் என்பவர் 1898இல் தொடங்கிய போர்க்கப்பல் ஆண்டு நூலில் பக்கவாட்டுப் படமும் அளவுகளும் கிடைக்கும். அதைவிடச் சுவையான ஒன்று உண்டு. ராஜ்புத்தின் முதல் கேப்டன் குலாப் மோகன்லால் ஹிரானந்தானி, பின்னாளில் வைஸ் அட்மிரலாக உயர்ந்து ஓய்வு பெற்ற பிறகு, இந்தியக் கடற்படையின் வரலாற்றைப் பெரிய தொகுதிகளாக எழுதினார். 1976 முதல் 1990 வரையிலான காலத்தைச் சொல்லும் தொகுதியில் இக்கப்பல்கள் வந்த கதையும் உண்டு. தாம் தலைமையேற்றுக் கொண்டுவந்த கப்பலைப் பற்றி ஒருவரே வரலாறு எழுதுவது எத்தனை கப்பல்களுக்கு வாய்க்கும்!

ஆனால் வாசகர்களே, ஒரு பொறியைச் சொல்லி எச்சரிக்கிறேன். நம் கடற்படையில் ராஜ்புத் என்ற பெயரில் இரண்டு நாசகாரிகள் இருந்தன. முந்தையது பிரிட்டனில் ரோதர்ஹாம் என்ற பெயரோடு 1942இல் நீரில் இறக்கப்பட்டு, விடுதலைக்குப் பின் நம்மிடம் வந்தது. 1971 போரில் விசாகப்பட்டினத்துக்கு வெளியே காஸி நீர்மூழ்கி மூழ்கிய நிகழ்ச்சியோடு சேர்த்துப் பேசப்படுவது அந்தப் பழைய கப்பலே. பெயரை மட்டும் பார்த்துப் படங்களைச் சேர்த்ததில், ஒரு வாரம் முழுவதும் தவறான கப்பலின் கம்பத்தை வரைந்துகொண்டிருந்தேன். புகைபோக்கிகளைப் பார்த்ததும் விழித்துக்கொண்டேன். அண்ணனின் கப்பலுக்குப் பக்கம் பக்கமாக இரண்டிரண்டு, ஆக நான்கு புகைபோக்கிகள். வாயுச்சுழலிகளால் ஓடும் கப்பல் அது. அவை எழுப்பும் ஒலியால் சோவியத் மாலுமிகள் இவ்வகையைப் 'பாடும் கப்பல்' என்று அழைத்தார்களாம். அண்ணன் ஏன் உரக்கப் பேசினார் என்பது அப்போதுதான் எனக்கு முழுதாக விளங்கிற்று.

ஐந்து மாதங்களில் உடற்பகுதியும் பாலமும் எழுந்தன. சிவகாசியிலிருந்து வாங்கிய கனத்த அட்டையே உடல். கைப்பிடிக் கம்பிகளுக்கு நூல், கம்பங்களுக்கு ஈர்க்குச்சி, பீரங்கிக் குழல்களுக்கு மருந்து ஏற்றாத புதிய ஊசிகள். இக்கப்பலின் பெரிய ராடாருக்கு மேலைநாட்டார் வைத்த பெயருக்குத் தமிழில் 'பெரிய வலை' என்று பொருள். நான் அதைக் கொசுவலைத் துண்டால் செய்தேன், பெயருக்குப் பொருத்தம்தானே!

ஒரு ஜும்ஆ நாளில், முக்கால்வாசி முடிந்திருந்த கப்பலை மதினியிடம் காட்டினேன். அவர் ஒன்றும் பேசாமல் உள்ளே போய், அண்ணனின் இரும்புப் பெட்டியிலிருந்து ஒரு புகைப்படத்தைக் கொண்டுவந்தார். துறைமுக மேடையில் அண்ணன் நிற்க, பின்னால் கப்பல் நிற்கிறது. பின்பக்கத்தில் அண்ணன் கையெழுத்தில் 1985 என்று இருந்தது. இப்படி ஒரு படம் இருப்பதே எனக்குத் தெரியாது. நான் கேட்கவும் இல்லை! உலகமெல்லாம் ஆதாரம் தேடியவன், அடுத்த அறையில் தேடவில்லை.

மதினி படத்தையும் மாதிரியையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு, "இந்தப் பொட்டி அதுல இல்லையே?" என்று பாலத்தின் அருகே விரல் வைத்தார்.

அவர் சொன்னது சரி. நான் பின்பற்றியவை கப்பல் ஓய்வுபெறும் காலத்துப் படங்கள். பிற்காலத்தில் பிரம்மோஸ் ஏவுகணைகளைப் பொருத்தியபோது வந்த சாய்வான பெட்டிகள் அவற்றில் இருந்தன. 1985இல் பிரம்மோஸ் ஏது? அங்கே பழைய உருளைக் கூடுகளே இருந்தன. எழுத்துக் கூட்டிப் படிக்க மட்டுமே தெரிந்த மதினி, நாற்பது ஆண்டுகளாக அந்த ஒரு படத்தைப் பார்த்துப் பார்த்து, எந்த நூலும் எனக்குச் சொல்லாததைச் சொல்லிவிட்டார்.

என்.சி.சி. கடற்படைப் பிரிவு மாணவர்களுக்குக் கப்பல் மாதிரி செய்யக் கற்றுக்கொடுத்து ஓய்வு பெற்ற ஒருவரிடம் இதைச் சொல்லி வருந்தினேன். அவர் சிரித்தார். "கப்பலின் பெயரைத் தீர்மானிக்கும் முன் ஆண்டைத் தீர்மானிக்க வேண்டும் ஐயா. ஒவ்வொரு பழுதுபார்ப்புக்குப் பிறகும் அது வேறு கப்பல்" என்றார். முதலிலேயே அவரிடம் போயிருக்கலாம்.

பிறகு அந்தப் படமே என் மூல நூலாயிற்று. இராஜபாளையத்தில் ஒரு நகலகத்தில் அதைப் பெரிதாக்கி எடுத்தோம். படம் சற்றுச் சாய்வாக எடுக்கப்பட்டதால் நீளத்தை நம்ப முடியாது; உயரங்களை ஒருவாறு நம்பலாம். கப்பலின் தளத்தில் நின்ற மாலுமிகளின் உயரத்தை ஏறத்தாழ 170 சென்டிமீட்டர் என்று கொண்டு, அவர்களுக்கு அருகிலிருந்த பொருள்களை அளந்தோம். பேரனுக்கு விகிதக் கணக்குப் பள்ளியில் வராமல் இருந்தது, இதில் வந்துவிட்டது. பெட்டிகளைப் பிய்த்தெடுத்துக் கூடுகளைச் செய்து ஒட்ட மேலும் இரண்டு மாதங்கள் பிடித்தன.

கடைசியில் ஒரு வழக்கு எழுந்தது. பேரன் தளத்தில் மாலுமிகளை நிறுத்த வேண்டும் என்றான். அதில் ஒருவர் நன்னாவாக இருக்க வேண்டும் என்றான். இந்த அளவுக்கு ஆள் உயரம் எட்டரை மில்லிமீட்டர்; மெழுகில் செய்துவிடலாம். மதினி மறுத்துவிட்டார். "தொழுகிற வீட்டுல உருவம் வேண்டாம்ப்பா" என்றார். நானும் வற்புறுத்தவில்லை. பேரன் இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தான்.

கப்பல் அலமாரியில் ஏறிய மாலை, மஃரிப் தொழுகை முடிந்து வந்த மதினி அதன் முன் வெகுநேரம் நின்றார். பிறகு, "அவுக எங்கன நிப்பாக?" என்று கேட்டார்.

நான் வாயெடுப்பதற்குள் பேரன் ஓடிவந்தான். "மேல நிக்க மாட்டாங்க நன்னி. இஞ்சின் ரூம் உள்ள இருக்கு" என்று அவர் விரலைப் பிடித்து, இரண்டு இணைப் புகைபோக்கிகளுக்கும் நடுவே, பக்கச் சுவரில் வைத்தான். "இதுக்கு உள்ளதான்."

அந்த இடத்தில் உள்ளே நான் வைத்தது வெறும் அட்டைச் சட்டங்கள்தாம். மதினி விரலை எடுக்கவில்லை.