பழைய உடுப்பும் ஒரு படுக்கையும்

2024 டிசம்பரில் பிரிட்டிஷ் அரசு இங்கிலாந்தில் உள்ள ஹாஸ்பிஸ்களுக்கு 10 கோடி பவுண்டு தருவதாக அறிவித்தது. கட்டடத்துக்கும் கருவிகளுக்கும் மட்டுமான பணம் அது. இரண்டு மாதம் முன்னால், ஊழியர்களுக்காக முதலாளிகள் கட்டும் தேசியக் காப்பீட்டுத் தொகையை 13.8 சதவீதத்திலிருந்து 15 சதவீதமாக உயர்த்துவதாக அறிவித்ததும் இதே அரசுதான். அந்தக் கூடுதல் சுமையை அரசு மருத்துவமனைகளுக்கு ஈடுகட்டிவிட்டார்கள். ஹாஸ்பிஸ்களுக்கு ஈடுகட்டவில்லை. இனிக் குணமாக வழியில்லை என்று கைவிடப்பட்ட நோயாளியை வலியில்லாமல், மரியாதையோடு கடைசிவரை பார்த்துக்கொள்ளும் இடம் ஹாஸ்பிஸ். அங்கே நோயாளியிடம் ஒரு பென்னிகூட வாங்குவதில்லை. அரசும் முழுச் செலவைத் தருவதில்லை. பெரியவர்களுக்கான ஹாஸ்பிஸ்களின் செலவில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் அரசுப் பணம்.

மீதி எங்கிருந்து வருகிறது என்று லண்டனில் இருக்கும் ஈழத்து நண்பரிடம் கேட்டேன். “அதைப் பாக்கிறதெண்டால் ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டாம், கடைக்கு வாங்கோ” என்று ஹாரோவுக்கு அழைத்துப் போனார்.

லண்டனின் வடமேற்கில் இருக்கிறது ஹாரோ. குஜராத்திகளும் ஈழத் தமிழர்களும் நிறைந்த பகுதி. கடைத்தெருவில் மரக்கறிக் கடைக்குப் பக்கத்தில் இருந்தது, ஹாஸ்பிஸுக்காகப் பணம் திரட்டும் அந்த சாரிட்டி ஷாப். முன்பகுதியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஹேங்கர்களில் சட்டைகள், ஒரு சுவர் முழுக்கப் புத்தகங்கள், கண்ணாடி அலமாரியில் கோப்பைகளும் வெள்ளிக் கரண்டிகளும். விற்கிற எதுவும் வாங்கியதல்ல, எல்லாம் ஊரார் கொடுத்தவை. மேலாளருக்கு மட்டும் சம்பளம் உண்டு. மற்றவர்கள் வாரத்தில் அரை நாளோ ஒரு நாளோ வந்து சும்மா உழைத்துவிட்டுப் போகிறவர்கள். ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை ஒருவர் புத்தகங்களைப் பார்த்துக்கொள்கிறார். மின்சாதனங்களைச் சோதித்துச் சீட்டு ஒட்ட ஒரு பழைய எலக்ட்ரீஷியன் வருகிறார், அந்தச் சீட்டில்லாமல் ஒரு மேசை விளக்கைக்கூட விற்க மாட்டார்கள். சான்றிதழுக்காக வரும் பள்ளிப் பிள்ளைகளும் உண்டு.

வேலை நடப்பது பின்னறையில். கதவைத் திறந்ததும் இடுப்பளவுக்குப் பைகள். ஒவ்வொரு பையிலும் ஒரு வீட்டின் வாசனை. நாய் வளர்த்த வீடு, சிகரெட் வீடு, சாம்பிராணி வீடு என்று மூக்கே பிரித்துவிடும். நடுவில் ஒரு நீள மேசை. அதன் முன்னால் கையுறை போட்டுக்கொண்டு ஒரு அம்மா நின்றிருந்தார். எழுபதை நெருங்கும் வயது. எல்லோருக்கும் அவர் ‘அக்கா’தான், வெள்ளைக்கார மேலாளர்கூட அப்படித்தான் கூப்பிடுகிறார்.

“வாங்கோ தம்பி. கையுறையைப் போட்டுக்கொண்டு பக்கத்தில நில்லுங்கோ. சும்மா பாத்தால் ஒண்டும் விளங்காது.”

ஒரு ஆண்கள் கோட்டை எடுத்தார். முதலில் காலரை விரித்துக் கழுத்து படும் இடத்தைப் பார்த்தார். அடுத்து அக்குள், பிறகு கைமடிப்பின் ஓரம். ஜிப்பை மேலும் கீழும் ஒருமுறை இழுத்தார். உள்ளங்கையை லைனிங்குக்குள் விட்டு மேலிருந்து கீழாகத் தடவினார், கிழிசல் இருந்தால் விரல் மாட்டிக்கொள்ளும். கடைசியாகப் பைகள். ஒன்றில் கசங்கிய டிஷ்யூ, இன்னொன்றில் பழைய பேருந்துச் சீட்டு. பணமோ நகையோ கிடைத்தால் அந்தக் கணமே மேலாளரிடம் போய்விட வேண்டும். இத்தனையும் கால் நிமிடத்தில் முடிந்தது. “இது நல்லது” என்று வலப்பக்கத் தொட்டியில் போட்டார். அடுத்து வந்தது பிரபல மலிவுக் கம்பெனியின் பெண்கள் மேற்சட்டை, விலைச்சீட்டுகூடக் கழற்றாமல் புதிதாக இருந்தது. தோள் தையலை இரண்டு விரலால் இழுத்தார், நூல் விட்டது. “ராக்” என்றார்.

அந்த அறையில் அதிகம் கேட்கும் சொல் அதுதான். விற்க முடியாத துணியெல்லாம் ராக். பெரிய சாக்குகளில் அடைத்து வைத்தால் பழந்துணி வியாபாரியின் வண்டி வந்து எடைபோட்டு எடுத்துப் போகும்.

தேறியவை ஸ்டீமருக்குப் போகின்றன. இஸ்திரிப் பெட்டி இங்கே கிடையாது. சக்கரம் வைத்த தண்ணீர்த் தொட்டி, அதிலிருந்து ஒரு குழாய், முனையில் ஆவி கக்கும் தலை. ஹேங்கரில் தொங்கும் துணியை உள்பக்கமிருந்து நீவினால் சுருக்கம் தானாக விழுந்துவிடுகிறது. அதன் பிறகு விலைச்சீட்டு. அதைக் குத்தும் கைத்துப்பாக்கிக்கு இவர்கள் கிம்பிள் என்கிறார்கள். ஊசி முனையால் துணியைத் துளைத்து மெல்லிய பிளாஸ்டிக் இழையைச் செருகும் கருவி. சீட்டில் விலையோடு வாரக் குறியும் இருக்கும். குறித்த வாரங்களுக்குள் விற்காத துணி இறங்கிவிடும், வேறு கிளைக்குப் போகும் அல்லது ராக்.  அக்கா இந்தக் கடைக்கு வேலைக்கு வந்த கதை அந்த கிம்பிளில்தான் தொடங்குகிறது.

அக்காவுக்கு யாழ்ப்பாணத்துப் பருத்தித்துறை. சிறு வயதிலேயே தையல் பழகியவர். இலங்கையில் 1983இல் தமிழர்களுக்கு எதிராக நடந்த கலவரத்துக்குப் பின் புறப்பட்டவர்களோடு சில ஆண்டுகளில் அவர் குடும்பமும் லண்டன் வந்தது. கணவர் பெட்ரோல் நிலையத்தில் இரவு வேலை. இவர் வீட்டிலிருந்து பீஸ் கணக்கில் கால்சட்டை தைத்தார். பிள்ளைகள் பள்ளிக்குப் போன பிறகு சூப்பர்மார்க்கெட் கல்லாவில் உட்கார்ந்து, ஓய்வு பெறும் வரைக்கும் அதே வேலை. பிறகு கணவருக்குக் கணையப் புற்றுநோய். பெரியாஸ்பத்திரியில் இனிச் செய்வதற்கில்லை என்று சொல்லிவிட்டார்கள். ஹாஸ்பிஸ் தாதிகள் வீட்டுக்கே வந்தார்கள். ஹாஸ்பிஸ் என்றால் கட்டடம் என்றுதான் நாம் நினைக்கிறோம். அவர்கள் செய்யும் பணியில் பெரும்பகுதி வீடுகளில்தான் நடக்கிறது. தோலுக்கடியில் ஊசி பொருத்தி, இருபத்துநான்கு மணி நேரமும் மார்ஃபினைத் துளித்துளியாகச் செலுத்தும் ஒரு சின்னப் பம்பை அவர் தலையணைக்குப் பக்கத்தில் வைத்தார்கள். கடைசி நாட்களில் ஹாஸ்பிஸ் படுக்கைக்குக் கொண்டுபோனார்கள்.

“அவர் கத்தேல்லை தம்பி. அது போதும். எங்கட அம்மா ஊரில இதே வருத்தத்தில செத்தவ. அந்தச் சத்தம் எனக்கு இண்டைக்கும் கேக்கும்.”

சில மாதம் கழித்துக் கணவரின் உடுப்புகளைப் பைகளில் கட்டிக்கொண்டு இந்தக் கடைக்கு வந்திருக்கிறார். கொடுத்துவிட்டுத் திரும்பும் எண்ணம்தான். அப்போது பின்னறைக் கதவு திறந்திருந்தது. உள்ளே ஒரு பெண் பட்டுச்சேலைக்கு விலைச்சீட்டு குத்திக்கொண்டிருந்தார், சேலையின் நட்டநடுவில், கிம்பிள் ஊசியால். ஊசி போன இடத்தில் பட்டில் ஓட்டை விழுந்தால் விழுந்ததுதான். “என்னால பொறுக்கேலாமல் போச்சுது. உள்ள போய் அந்தப் பிள்ளையின்ர கையைப் பிடிச்சுப்போட்டன். தையல் மடிப்பில குத்து, இல்லாட்டி லேபிளில குத்து எண்டு காட்டிக் குடுத்தன்.” மேலாளர் பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்த வாரம் வர முடியுமா என்று கேட்டார். அன்றிலிருந்து வருகிறார்.

இங்கே வரும் தொண்டர்களில் பலர் அந்த ஹாஸ்பிஸில் யாரையோ பறிகொடுத்தவர்கள். அக்காவை உள்ளே இழுத்தது துணிக்கு நடந்த அநியாயம். இதைத் தர்மகாரியம் என்று மட்டும் சொல்லி முடித்துவிடக் கூடாது என்று எனக்குப் பட்டது அங்கேதான். இது தொழில் தெரிந்தவர்களின் வேலை. சிறு வயதிலிருந்தே நூலும் துணியும் தொட்ட கை இல்லையென்றால் அந்த மேசையிலிருந்து தேறும் பணம் குறைந்துபோகும்.

சேலை வந்தால் மேசையை அவரிடம் விட்டுவிடுகிறார்கள். அன்றைக்கு ஒரு பையிலிருந்து அரக்கு நிறப் பட்டொன்று வந்தது. என்னை ஒரு முனையைப் பிடிக்கச் சொல்லி முழு நீளத்துக்கும் விரித்தார். விளக்குக்கு நேரே தூக்கி மடிப்புக் கோடுகளைப் பார்த்தார். வருஷக்கணக்கில் ஒரே மடிப்பில் கிடந்த பட்டு அந்தக் கோட்டில்தான் விடும். சரிகையை நகத்தால் லேசாகச் சுரண்டினார், தலைப்பைத் திருப்பிப் பின்பக்கத்து இழையைப் பார்த்தார். காஞ்சிபுரம்தான். “கூறை” என்றார். ஒரு பெண்ணின் கல்யாணச் சேலை. தாய் இறந்து வீட்டைக் காலிசெய்யும் பிள்ளைகள் பையோடு கொண்டுவந்து போட்டுவிடுகிறார்கள், அது என்னவென்று அவர்களுக்குத் தெரிவதில்லை. அக்கா அவர்களைக் குறை சொல்லவில்லை. கூறையை மட்டும் மாற்றி மடித்தார், வெள்ளைத் தாளில் சுற்றினார், விலைச்சீட்டைக் குத்தாமல் நூலில் கட்டினார். அதோடு வந்த பிளவுஸ்களை வேறாக எடுத்து வைத்தார். ஒருத்தியின் அளவுக்குத் தைத்த பிளவுஸ் இன்னொருத்திக்கு ஆகாது. சேலை விற்கும். நடன ஆசிரியைகள் வாங்குவார்கள், ஜன்னல் திரைக்கென்று வெள்ளைக்காரப் பெண்கள் வாங்குவார்கள்.

சொந்தக்காரர்கள் தொடக்கத்தில் முகம் சுளித்தார்களாம். செத்தவர்களின் உடுப்பைத் தொட்டுக்கொண்டு நிற்பதா என்று கேட்டார்களாம். அக்கா பதிலாகச் சொல்வது ஒரு கடிதத்தைப் பற்றி. பிரிட்டனில் கிஃப்ட் எய்ட் என்றொரு ஏற்பாடு உண்டு. வருமான வரி கட்டுகிறவர் ஒரு படிவத்தில் கையெழுத்திட்டுப் பொருளைக் கொடுத்தால், அது விற்ற ஒவ்வொரு பவுண்டுக்கும் அரசு 25 பென்ஸ் சேர்த்துத் தரும். சட்டப்படி கடை வெறும் முகவர். விற்று முடித்து, இவ்வளவு வந்தது, இதை எங்களுக்கே தருகிறீர்களா என்று கொடுத்தவருக்கு எழுதிக் கேட்க வேண்டும். கணவரின் உடுப்புக்கு மகன்தான் கையெழுத்திட்டிருந்தார். மறு வருஷம் மகன் பேருக்குக் கடிதம் வந்தது, கணவர் இரவு வேலைக்குப் போட்டுப் போன குளிர்கோட்டுக்கும் சேர்த்து. “மனுசன் போன பிறகும் உழைச்சிருக்கிறார் எண்டு மகனுக்குச் சொன்னன்.”

இனி என் கோபத்தைச் சொல்கிறேன். 1948 ஜூலை 5 அன்று தேசிய மருத்துவச் சேவை தொடங்கியபோது, பிறப்பு முதல் இறப்பு வரை இலவச மருத்துவம் என்பதுதான் அதன் பெருமையாக இருந்தது. அதே வருஷம் பிப்ரவரியில், லண்டன் மருத்துவமனை ஒன்றில் டேவிட் டாஸ்மா என்ற போலந்து யூதர் புற்றுநோயில் இறந்தார். அவரைப் பார்த்துக்கொண்ட மருத்துவச் சமூகப் பணியாளர் சிசிலி சாண்டர்ஸ், சாகிறவர்களுக்கென்று ஒரு வீடு கட்டும் கனவை அவரிடம் பேசியிருந்தார். ஊர்விட்டு வந்து சேர்ந்த அந்த மனிதர், அந்த வீட்டில் தான் ஒரு ஜன்னலாக இருக்க வேண்டும் என்று 500 பவுண்டு எழுதி வைத்துவிட்டுப் போனார். சாண்டர்ஸ் அதன்பின் மருத்துவம் படித்து டாக்டரானார். பணம் சேர்த்துத் தெற்கு லண்டனின் சிடனத்தில் செயின்ட் கிறிஸ்டோபர்ஸ் ஹாஸ்பிஸைத் திறந்தது 1967இல். பத்தொன்பது வருஷம் ஆனது. இன்று உலகமெங்கும் நடக்கும் வலிநிவாரண மருத்துவத்துக்கு அந்த வீடு முன்மாதிரி. ஆனால் அன்று நன்கொடையில் நின்ற ஹாஸ்பிஸ் இன்றும் பெரும்பாலும் நன்கொடையில்தான் நிற்கிறது. பிரசவ வார்டை நடத்தப் பழைய சட்டை விற்க வேண்டும் என்று எந்த அமைச்சராவது சொல்வாரா? சாவுக்கு மட்டும் ஏன் சொல்லாமல் சொல்கிறார்கள்? கட்டடத்துக்குக் கொடுத்தால் போதாது. இரவில் வீடு தேடி வரும் தாதிக்குச் சம்பளம் கொடுக்க வேண்டும்.

அரசு ஒன்றுமே செய்யவில்லை என்று சொல்ல முடியாது. நன்கொடைப் பொருள் விற்பனைக்கு மதிப்புக் கூட்டு வரி சுழியம், கடைக்கான உள்ளூர் வரியில் 80 சதவீதம் தள்ளுபடி. ஆனாலும் வாடகை, மின்சாரம், வண்டி, மேலாளர் சம்பளம் எல்லாம் போக மிஞ்சுவதுதான் படுக்கைக்குப் போகும். அந்த மிச்சத்தை அரிப்பவர்கள் வேறு யாரோ. நாலு தடவை உடுத்தினால் நைந்துபோகும் துணியை மலைமலையாகத் தைத்துத் தள்ளும் கம்பெனிகள் முதலில். நல்ல பொருளை மக்கள் போன் செயலிகளில் தாங்களே விற்றுவிடுகிறார்கள், கடைக்கு வருவது மிச்சம். ராக் சாக்குக்குச் சொற்பக் காசுதான் கிடைக்கும். அதே துணி தரம் பிரித்து, பேல் கட்டி, கப்பலேறி, கானாவின் அக்ரா நகரத்துக் காண்டமாண்டோ சந்தைக்குப் போகிறது. அங்கே சிறு வியாபாரி பிரித்துப் பார்க்காமலே கடன் வாங்கிப் பேலை எடுக்க வேண்டும். உள்ளே குப்பை இருந்தால் நஷ்டம் அவருக்கு, குப்பை அந்த ஊர்க் கடற்கரைக்கு. பிரிட்டிஷ் பழந்துணியில் ஒரு பங்கு குஜராத்தின் காண்ட்லாவுக்கும் வருகிறது. கம்பளித் துணியைக் கிழித்து மறுபடி நூலாக்குகிற ஊர் ஹரியானாவின் பானிபட். இந்தச் சங்கிலியின் ஒரு முனையில் அக்கா சம்பளமில்லாமல் நிற்கிறார், மறுமுனையில் அக்ரா வியாபாரி கடனில் நிற்கிறார். நடுவில் எடைபோடுகிறவர்களும் பேல் கட்டுகிறவர்களும்தான் லாபம் பார்க்கிறார்கள்.

சாயங்காலம் நான் கிளம்பும்போது மேலாளர் ஒரு நனைந்த பையைக் குப்பைக்குக் கொண்டுபோனார். கடை மூடிய பிறகு யாரோ வாசலில் வைத்துவிட்டுப் போக, இரவு மழையில் ஊறிவிட்டது. உள்ளே நல்ல கம்பளிச் சட்டைகள். நனைந்து நாறியதை ராக் வியாபாரியும் எடுக்க மாட்டார். அதை அப்புறப்படுத்தவும் ஹாஸ்பிஸ்தான் காசு கட்ட வேண்டும்.

இங்கிலாந்தில் இருந்து இதை வாசிக்கிற தமிழர்களிடம் கேட்கிறேன். துவைத்த துணியாகக் கொடுங்கள். கடை திறந்திருக்கும் நேரத்தில் கையில் கொடுங்கள். வரி கட்டுகிறவரென்றால் கிஃப்ட் எய்ட் படிவத்தில் கையெழுத்திடுங்கள், உங்களுக்கு ஒரு பென்னி செலவில்லை. அம்மாவின் கூறையைக் கொடுக்க நேர்ந்தால் அது கூறை என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதி வையுங்கள், எல்லாக் கடையிலும் அக்கா இருக்க மாட்டார். ஓய்வு பெற்றவர்கள், தையல் தெரிந்தவர்கள், வாரத்தில் ஒரு முற்பகல் உங்கள் பக்கத்துக் கடையில் போய்க் கேளுங்கள். ஹாரோவில் சனிக்கிழமைக்கு இன்னும் ஆள் வேண்டும் என்று அக்கா சொல்லச் சொன்னார்.