தேனாம்பேட்டைச் சந்தியில் கொதிக்கும் கார்கள்

சைதாப்பேட்டைப் பாலத்தைக் கடந்து அண்ணா சாலை வழியே வடக்கே வருவோர்க்கு முதலில் நந்தனம், அடுத்துத் தேனாம்பேட்டை. எல்டாம்ஸ் சாலையும் தியாகராய சாலையும் வந்து கூடும் இச்சந்தியில் பச்சை விளக்குக்காகக் காத்து நிற்பது சென்னைவாசிகளுக்குப் பழகிப்போன தவம். 2018 முதல் நிலத்தடியே மெட்ரோ ரயில் ஓடியும் மேலே நெரிசல் தணியவில்லை. சைதாப்பேட்டை வரை உயர்மட்டச் சாலை அமைக்கும் பணி 2024-இல் தொடங்கியபின் காத்திருப்பு மேலும் நீண்டது. புதிய காருடையோர்க்கு இது பொழுது வீணாகும் துன்பமே. பழைய அம்பாசிடரோ பத்மினியோ வைத்திருப்போர்க்கு இது சோதனைக்களம்.

சித்திரை வெயிலில் முதியோர் இருவருடன் ஓர் அம்பாசிடரில் நாம் இவ்வழியே வந்தோம். கிண்டி வரை அமைதியாயிருந்த வெப்பமானியின் முள் இச்சந்தியில் விறுவிறுவென ஏறிற்று. "ஓடும்போது ஏறாத சூடு, நிற்கும்போதா ஏறும்?" என்று வினவினார் பெரியவர்.

நல்ல கேள்வி. இக்கார்களின் விசிறியும் தண்ணீர்ப் பம்பும் எஞ்சின் சுழற்சியால், பெல்ட் வழியே, இயங்குபவை. வண்டி நின்று எஞ்சின் மெல்லச் சுழல்கையில் அவையும் சோர்ந்துவிடும், எதிர்க்காற்றும் இல்லை. இக்காலக் கார்களில் மின்விசிறி தானே வேகமெடுத்துக் கொள்ளும். 1957 முதல் 2014 வரை உருவான அம்பாசிடர், வழிநெடுக ஓடுவதற்கே பிறந்தது, வரிசையில் நிற்பதற்கன்று.

ஓரமாக நிறுத்தி, எஞ்சினை அணைத்து, முதியோரை நிழலில் அமர்த்தினோம். அவசரப்பட்டு ராடியேட்டர் மூடியைத் திறக்க முயன்ற இளைஞரைத் தடுத்தோம். அம்மூடி உள்ளே அழுத்தத்தைத் தாங்கி நிற்கிறது. சதுர அங்குலத்துக்கு ஒரு பவுண்டு அழுத்தம் கூடினால் நீரின் கொதிநிலை ஏறக்குறைய ஒன்றரை டிகிரி சென்டிகிரேடு உயரும். மூடியைத் திறந்தால் அழுத்தம் குறைந்து, நூறு டிகிரியைக் கடந்த நீர் அக்கணமே ஆவியாய்ச் சீறும். முகமும் கைகளும் வெந்துபோகும். கை வைக்குமளவுக்கு ஆறும்வரை, அரைமணி நேரமானாலும், பொறுத்திருப்பதே முறை. சூடான எஞ்சினில் குளிர்ந்த நீரைக் கொட்டுவதும் தகாது. இரும்பு விரிசல் காணும்.

இத்தொல்லைக்கு நம் வீட்டுக் குழாயும் ஒரு காரணம். ஆழ்துளைக் கிணற்றின் உப்பு நீரை ஆண்டுக்கணக்கில் ஊற்றினால், கெட்டிலின் அடியில் படிவதுபோல் ராடியேட்டரின் மெல்லிய குழல்களிலும் சுண்ணாம்புக் காரை படிந்து, வெப்பம் வெளியேறாது தடைப்படும். கனிமம் நீக்கிய நீரும் கூலண்டும் கலந்து ஊற்றுவதே நலம். குழல்கள் அடைபட்டிருந்தால் ராடியேட்டரைக் கழற்றித் தூய்மை செய்ய வேண்டும். தெர்மோஸ்டாட்டைப் பிடுங்கி எறிந்துவிடுமாறு சில மெக்கானிக்குகள் கூறும் யோசனை நமக்கு உடன்பாடன்று. காலையில் எஞ்சின் உரிய வெப்பத்தை எட்டாமல் தேய்மானமும் பெட்ரோல் செலவும் மிகும்; அடைப்போ அப்படியே இருக்கும்.

சில வண்டிகளில் வெப்பமானி சரியாகவே காட்டும். எஞ்சின் மட்டும் நின்றுவிடும். பெட்ரோல் குழாயிலேயே ஆவியாகிப் பம்பை அடைத்துக்கொள்வதே அதன் காரணம். பம்பின்மேல் ஈரத்துணி போர்த்தும் பழைய டிரைவர்களின் கைவைத்தியம் இதற்கு இன்றும் பலிக்கிறது. எத்தனால் கலந்த பெட்ரோல் புழங்கும் இந்நாளில் பழைய ரப்பர் குழாய்களையும் மாற்றிவிடுவது அவசியம். பெல்ட்டும் குழாய்களும் ஜெனரல் பேட்டர்ஸ் சாலையில் கேட்டுப் பெறலாம்; அங்கு கிடைக்காத பழம்பாகங்களுக்குப் புதுப்பேட்டை இருக்கிறது.